மத்தியாஸ் சிண்டெலார்

மத்தியாஸ் சிண்டெலார் (பெப்ரவரி 10, 1903 – சனவரி 23, 1939) ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரர் ஆவார். இவர் ஆஸ்திரியா வியன்னா கழகத்திற்கும் ஆஸ்திரிய தேசிய அணிக்கும் நடு முன்கள வீரராக ஆடினார். மெலிந்த உடலும், எதிரணித் தடுப்பாளர்களின் இடையே எளிதில் நழுவிச் செல்லும் ஆற்றலும் கொண்டிருந்ததால் காகித மனிதர் என்று பொருள்படும் பட்டப்பெயரால் இவர் அழைக்கப்பட்டார். 1930களின் தொடக்கத்தில் வியப்பு அணி எனப் போற்றப்பட்ட ஆஸ்திரிய அணியின் மையமாக விளங்கியவர் இவரே. 1933 ஆம் ஆண்டு இரண்டு ஆட்டங்களாக நடைபெற்ற மித்ரோப்பா கோப்பை இறுதிப்போட்டியில், இரண்டாம் ஆட்டத்தில் தம் கழகத்தின் மூன்று கோல்களையும் தாமே அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 1938 இல் நாசி செருமனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட பின்னர் செருமானிய அணியில் ஆட மறுத்த இவர், அடுத்த ஆண்டே தம் 35 ஆவது அகவையில் இறந்தார்.

இளமைக் காலம்

சிண்டெலார் அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்த மொராவியாவில், இக்லாவ் நகருக்கு அருகிலுள்ள கோஸ்லாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. தந்தை கொத்தனார் வேலை செய்தவர். மொராவியாவிலும் பொகீமியாவிலும் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தலைநகர் வியன்னாவுக்குச் சென்ற காலம் அது. சிண்டெலாரின் குடும்பமும் இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே அங்குக் குடிபெயர்ந்து, ஃபாவோரிட்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் வாழத் தொடங்கியது. செங்கற் சூளைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த அப்பகுதியில் செக் மொழி பேசுவோர் பெருமளவில் வாழ்ந்தனர்.

முதலாம் உலகப் போரின்போது தந்தை இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு 1917 இல் உயிரிழந்தார். அதன் பின்னர் தாயார் துணி வெளுக்கும் தொழில் செய்து ஒரு மகனையும் மூன்று மகள்களையும் வளர்த்தார். சிண்டெலார் இரும்பு வேலைப் பட்டறை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். ஓய்வு நேரங்களில் தெருக்களிலும் வெற்று மனைகளிலும் கந்தல் துணியால் கட்டிய பந்தைக் கொண்டு சிறுவர்களுடன் ஆடினார். நெருக்கமான இடத்தில் பந்தைக் காலை விட்டுப் பிரியாமல் கொண்டு செல்லும் திறமை இவ்வாறு வளர்ந்ததே என்பது பொதுவான கருத்து. 1918 இல் அப்பகுதியைச் சேர்ந்த எர்த்தா வியன்னா கழகத்தின் இளையோர் அணியில் சேர்ந்தார்.

கழக வாழ்க்கை

1923 இல் ஏற்பட்ட முழங்கால் காயத்தினால் இவரது ஆட்டம் முடிந்துவிடக் கூடிய நிலை ஏற்பட்டது. அக்காலத்தில் முழங்கால் குருத்தெலும்பு அறுவைச் சிகிச்சை அரிதாகவே செய்யப்பட்டது. வியன்னா மருத்துவர் ஒருவர் செய்த அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றதால் மீண்டும் களமிறங்கினார். எனினும் அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் வலது முழங்காலில் கட்டுடனேயே ஆடினார். உடல் மோதலைத் தவிர்த்து, பந்து வருமுன்னரே இடத்தைக் கணித்து நகரும் இவரது ஆட்டமுறைக்கு இக்காயமும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

1924 இல் வீனர் அமெச்சூர் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் வியன்னாவில் தொழில்முறைக் காற்பந்துக் கூட்டிணைவு தொடங்கப்பட்டது. பிரித்தானியாவுக்கு வெளியே ஐரோப்பாவில் தோன்றிய முதல் தொழில்முறைக் கூட்டிணைவு இதுவாகும். தொழில்முறைக் கழகம் ஒன்றுக்கு அமெச்சூர் என்னும் பெயர் பொருந்தாது என்பதால் 1926 இல் அக்கழகம் ஆஸ்திரியா வியன்னா எனப் பெயர் மாற்றம் பெற்றது. நகரின் நடுத்தர வகுப்பினரும் யூதர்களும் இக்கழகத்தைப் பெரிதும் ஆதரித்தனர். நிருவாகிகளில் பலர் யூதர்கள். தொழிலாளர் பகுதியிலிருந்து வந்த சிண்டெலார், தேநீர், காப்பிக் கடைகளில் கலை இலக்கியம் பேசும் கூட்டத்தினரின் விருப்பத்துக்குரிய வீரரானார். இக்கழகத்துடன் 1926 இல் கூட்டிணைவு வாகையர் பட்டத்தையும், 1925, 1926, 1933, 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரியக் கோப்பையையும் வென்றார். தம் இறுதிக் காலம் வரை வேறு கழகத்திற்கு இவர் மாறவில்லை.

மித்ரோப்பா கோப்பை

இன்றைய ஐரோப்பியக் கழகப் போட்டிகளுக்கு முன்னோடியாக விளங்கியது மித்ரோப்பா கோப்பை ஆகும். நடு ஐரோப்பா என்னும் பொருள் கொண்ட சொல்லின் சுருக்கமே மித்ரோப்பா. ஆஸ்திரியக் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஊகோ மைசலின் முயற்சியால் 1927 இல் இப்போட்டி தொடங்கப்பட்டது. தொழில்முறை வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்த கழகங்களுக்கு உள்ளூர் ஆட்டங்களின் நுழைவுக் கட்டணம் போதவில்லை. வெளிநாட்டுக் கழகங்களுடன் ஆடினால் பெருங்கூட்டம் திரளும் என்பதே இதன் அடிப்படை எண்ணமாகும். தொடக்கத்தில் ஆஸ்திரியா, அங்கேரி, செக்கோசிலோவாக்கியா, யூகோசுலாவியா ஆகிய நாடுகளின் கழகங்கள் பங்கேற்றன. 1929 இல் யூகோசுலாவியாவின் இடத்தில் இத்தாலி சேர்ந்தது.

இப்போட்டியில் இறுதிப்போட்டி உட்பட ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டங்களாக நடத்தப்பட்டது. ஓர் ஆட்டம் ஒரு கழகத்தின் ஊரிலும் மற்றொன்று எதிர்க்கழகத்தின் ஊரிலும் நடைபெறும். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி வெற்றி முடிவு செய்யப்படும். ஆகவே முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கும் மீள வாய்ப்பு உண்டு; வென்ற அணியும் நிம்மதியாக இருக்க இயலாது. கூட்டுத்தொகை சமமானால் எதிரணி ஊரில் அடித்த கோல்களுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் விதி 1965 இல்தான் ஐரோப்பியப் போட்டிகளில் வந்தது என்பதால், அன்று சமநிலை ஏற்பட்டால் இன்னோர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதிப்போட்டியும் 1972 முதல் 1997 வரை இதே முறையில் நடைபெற்றது. இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதிகளைப் பார்த்தவர்களுக்கும் இம்முறை பழக்கமானதே.

1933 இறுதிப்போட்டி

1933 ஆம் ஆண்டுப் போட்டியில் எட்டுக் கழகங்கள் பங்கேற்றன. ஆஸ்திரியா வியன்னா முதலில் பிராகா நகரின் சிலாவியா கழகத்தைச் சந்தித்தது. வெளியூரில் 1–3 எனத் தோற்றபோதும் சொந்த ஊரில் 3–0 என வென்று முன்னேறியது. அரையிறுதியில் அன்றைய இத்தாலிய வாகையரான யுவென்டசு கழகத்தை வியன்னாவில் 3–0 என வீழ்த்தியது. தூரின் நகரில் நடந்த ஆட்டம் 1–1 என முடிந்தது.

இறுதிப்போட்டியில் எதிர்த்து நின்றது மிலான் நகரின் அம்புரோசியானா கழகம். இன்று இன்டர் மிலான் என அறியப்படும் கழகமே இது. பன்னாட்டு என்னும் பொருள் தரும் அதன் பழைய பெயர் பாசிச அரசுக்கு ஏற்புடையதாக இல்லாததால் 1928 இல் பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயர் 1945 இல் மீண்டது. அக்கழகத்தின் முன்கள வீரர் சியூசெப்பே மியாட்சா அந்நாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். எனவே இப்போட்டி இரு கழகங்களின் மோதலாக மட்டுமன்றி, சிண்டெலார், மியாட்சா ஆகிய இருவரின் மோதலாகவும் பார்க்கப்பட்டது.

முதல் ஆட்டம் செப்டெம்பர் 3 அன்று மிலானில் நடைபெற்றது. மியாட்சாவும் லெவ்ராத்தோவும் கோல் அடிக்க அம்புரோசியானா 2–1 என வென்றது. ஆஸ்திரியாவின் ஒரே கோலை சுபெக்ட்டல் அடித்தார். அந்த ஒரு கோல்தான் வியன்னா ஆட்டத்திற்கு உயிர் கொடுத்தது.

இரண்டாம் ஆட்டம் ஐந்து நாட்கள் கழித்து, செப்டெம்பர் 8 அன்று வியன்னாவின் பிராட்டர் அரங்கில் நடந்தது. 50,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். இடைவேளைக்குச் சற்று முன்னர் கிடைத்த தண்டனை உதையை சிண்டெலார் கோலாக மாற்றினார். இதனால் கூட்டுத்தொகை 2–2 எனச் சமமானது. ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்கள் அளவில் இவர் தமது இரண்டாவது கோலை அடித்தார். ஆனால் சில நிமிடங்களிலேயே மியாட்சா ஒரு கோல் அடிக்க, கூட்டுத்தொகை 3–3 என மீண்டும் சமமாயிற்று. மூன்றாவது ஆட்டம் ஒன்று தேவைப்படும் என்னும் நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் சிண்டெலார் மூன்றாவது கோலையும் அடித்தார். ஆஸ்திரியா வியன்னா அன்றைய ஆட்டத்தை 3–1 எனவும், இறுதிப்போட்டியை மொத்தமாக 4–3 எனவும் வென்றது. அக்கழகம் பெற்ற முதல் மித்ரோப்பா கோப்பை இதுவாகும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1936 இல், சிண்டெலார் அங்கம் வகித்த அக்கழகம் மீண்டும் இக்கோப்பையை வென்றது. இம்முறை எதிரணி பிராகா நகரின் சுபார்ட்டா கழகம். வியன்னாவில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. பிராகாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கமிலோ செருசலம் அடித்த ஒரே கோல் வெற்றியைத் தந்தது.

தேசிய அணியில்

சிண்டெலார் 1926 செப்டெம்பரில் செக்கோசிலோவாக்கியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமாகி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். எனினும் அணியைத் தேர்வு செய்த ஊகோ மைசலுடன் ஆட்டமுறை பற்றிக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. 1929 தொடக்கத்தில் பனி படர்ந்த திடலில் தென் செருமனி அணியிடம் 0–5 எனத் தோற்ற பின்னர் இவர் நீண்ட காலம் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

1931 மே 16 அன்று இசுக்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். பிரித்தானிய அணிகளே காற்பந்தின் ஆசான்கள் எனக் கருதப்பட்ட அக்காலத்தில் ஆஸ்திரியா 5–0 என வென்றது. தொடர்ந்து செருமனியை பெர்லினில் 6–0 எனவும் வியன்னாவில் 5–0 எனவும் வென்றது. 1932 ஏப்பிரலில் அங்கேரியை 8–2 என வீழ்த்திய ஆட்டத்தில் சிண்டெலார் மூன்று கோல்களை அடித்தார். குறுகிய தூரப் பரிமாற்றங்களால் எதிரணியை நிலைகுலையச் செய்த இவ்வணி 14 ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வியின்றி ஆடியது. 1932 திசம்பர் 7 அன்று இலண்டனில் இங்கிலாந்திடம் 3–4 என்ற கணக்கில் தோற்றபோதே இத்தொடர் முடிவுக்கு வந்தது. தோற்றபோதும் அவ்வாட்டத்தால் இவ்வணியின் புகழ் மேலும் பரவியது. அதிலும் சிண்டெலார் ஒரு கோல் அடித்தார்.

1934 உலகக்கோப்பை இத்தாலியில் நடைபெற்றது. ஆஸ்திரியா பிரான்சையும் அங்கேரியையும் வென்று அரையிறுதியை அடைந்தது. மழையால் சேறாகிவிட்ட மிலான் திடலில் போட்டியை நடத்திய இத்தாலியிடம் 0–1 எனத் தோற்றது. அர்கெந்தீனாவில் பிறந்து இத்தாலிக்கு ஆடிய லூயிசு மொந்தி, சிண்டெலாரை ஆட்டம் முழுவதும் கடுமையாகத் தடுத்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இவர் பங்கேற்கவில்லை. மொத்தம் 43 பன்னாட்டு ஆட்டங்களில் 25க்கும் மேற்பட்ட கோல்களை இவர் அடித்துள்ளார்.

ஆஸ்திரியா இணைக்கப்படல்

1938 மார்ச்சு 12 அன்று செருமானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. காற்பந்தும் உடனடியாகப் பாதிப்புக்குள்ளானது. தொழில்முறை ஆட்டம் ஒழிக்கப்பட்டது. ஆஸ்திரியா வியன்னா கழகத்தின் யூத நிருவாகிகள் நீக்கப்பட்டனர். தலைவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரிய அணி போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வியன்னாவில் கருக்கொண்ட மித்ரோப்பா கோப்பையில் அவ்வாண்டு ஒரு வியன்னா கழகமும் இடம்பெறவில்லை.

இணைப்பு குறித்த வாக்கெடுப்பு ஏப்பிரல் 10 அன்று நடக்கவிருந்தது. அதற்கு ஒரு வாரம் முன், ஏப்பிரல் 3 அன்று, பிராட்டர் அரங்கில் ஆஸ்திரிய அணிக்கும் செருமானிய அணிக்கும் இடையே ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்யப்பட்டது. இது ஆஸ்திரிய அணியின் பிரிவு உபசார ஆட்டமாகவும், இணைப்பைக் கொண்டாடும் விழாவாகவும் கருதப்பட்டது. சுமார் 60,000 பேர் திரண்டனர். இரண்டாம் பாதியில் சிண்டெலார் ஒரு கோலும், கார்ல் செசுட்டா தொலைவிலிருந்து ஒரு கோலும் அடிக்க, ஆஸ்திரியா 2–0 என வென்றது.

இவ்வாட்டம் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. சமநிலையில் முடிக்க வேண்டும் என வீரர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது என்றும், முதல் பாதியில் எளிய வாய்ப்புகளை சிண்டெலார் வேண்டுமென்றே வீணாக்கி ஆணையை எள்ளி நகையாடினார் என்றும், கோல் அடித்த பின் நாசித் தலைவர்கள் அமர்ந்திருந்த பகுதியின் முன் நடனமாடினார் என்றும் கூறப்படுகின்றது. இவற்றுக்கு உறுதியான அக்காலச் சான்றுகள் இல்லை. கோலும் வெற்றியும் மட்டுமே ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாகியுள்ளன.

இதன் பின்னர் செருமானிய அணியின் பயிற்றுநர் செப் எர்பெர்கர் இவரைத் தம் அணியில் சேர்க்க முயன்றார். சிண்டெலார் தம் வயதையும் காயத்தையும் காரணம் காட்டி மறுத்துவிட்டார். அது அரசியல் எதிர்ப்பா, அல்லது 35 வயது வீரர் ஒருவரின் இயல்பான முடிவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் தம் கழகத்திற்காக அவர் அதே ஆண்டின் இறுதி வரை ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது. 1938 திசம்பர் 26 அன்று பெர்லினில் எர்த்தா பெர்லின் அணிக்கு எதிராக ஆடியதே இவரது கடைசி ஆட்டமாகும்.

காப்பிக்கடை குறித்த சர்ச்சை

1938 இல் சிண்டெலார் ஃபாவோரிட்டன் பகுதியில் ஒரு காப்பிக்கடையை வாங்கினார். அதன் முந்தைய உரிமையாளர் ஒரு யூதர். யூதர்களின் உடைமைகள் கட்டாயத்தின் பேரில் பிறருக்கு மாற்றப்பட்ட காலம் அது. சிண்டெலார் நியாயமான விலை கொடுத்து அவருக்கு உதவினார் எனப் பல ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்தது. பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தோர், விற்பனை நாசி அரசின் விதிகளின்படியே நடந்தது என்பதையும், உரிமையாளருக்கு விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினர். இதன் காரணமாக, இவரது கல்லறைக்கு வியன்னா நகரம் அளித்துவந்த மதிப்பு குறித்து 2000களின் தொடக்கத்தில் விவாதம் எழுந்தது. நாசி ஆட்சியை எதிர்த்த வீரர் என்னும் தோற்றத்தையும் இச்செய்தியையும் சேர்த்தே இன்று இவரது வாழ்க்கை மதிப்பிடப்படுகிறது.

இறப்பு

1939 சனவரி 23 அன்று வியன்னாவின் அன்னா தெருவில் உள்ள ஒரு குடியிருப்பில் சிண்டெலார் இறந்து கிடந்தார். உடனிருந்த அவரது தோழி கமிலா காசுட்டன்யோலாவும் உயிர் பிழைக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு நச்சு வளிமமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பழுதடைந்த புகைபோக்கியால் நேர்ந்த விபத்து என அதிகாரிகள் முடிவு செய்தனர். ஆனால் கொலை என்றும் தற்கொலை என்றும் செய்திகள் பரவின. நாடுகடந்து வாழ்ந்த எழுத்தாளர் பிரீட்ரிக்கு டோர்பெர்க்கு எழுதிய கவிதை ஒன்று தற்கொலை என்னும் கருத்தைப் பரப்பியது. சிறப்பு மரியாதையுடன் அடக்கம் செய்வதற்காகவே விபத்து எனப் பதியச் செய்யப்பட்டது என்று பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் நண்பர் ஒருவர் கூறியுள்ளார். கொலை, தற்கொலை ஆகிய இரண்டில் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

வியன்னா நடு இடுகாட்டில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 15,000 பேர் கலந்துகொண்டனர். பொதுமக்கள் விருப்பப்படி ஒன்றுகூட இயலாதிருந்த அக்காலத்தில் இத்தனை பெரிய கூட்டம் திரண்டது, ஒரு வீரருக்கான அஞ்சலியாக மட்டுமன்றி, மறைந்துபோன ஒரு நாட்டுக்கான அஞ்சலியாகவும் பலரால் கருதப்படுகிறது.

நினைவு

பன்னாட்டுக் காற்பந்து வரலாறு மற்றும் புள்ளியியல் கூட்டமைப்பு இவரை இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஆஸ்திரியக் காற்பந்து வீரராகத் தெரிவு செய்தது. இவர் வளர்ந்த ஃபாவோரிட்டன் பகுதியில் ஒரு தெருவுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. மித்ரோப்பா கோப்பை இரண்டாம் உலகப் போரால் தடைப்பட்டு, போருக்குப் பின்னர் மீண்டும் நடத்தப்பட்டபோதும் பழைய சிறப்பைப் பெறவில்லை; 1992 இல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. எனினும் இருவேறு நாட்டுக் கழகங்கள் ஊருக்கு ஓர் ஆட்டமாக மோதிக்கொள்ளும் அதன் முறையை 1955 இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பை தன் தொடக்கச் சுற்றுகளுக்கு ஏற்றுக்கொண்டது. அம்முறை ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் இன்றளவும் தொடர்கிறது.